அம்மாவுக்கு நான் மாற்றிச் சொன்ன சொல்

எக்ஸிகியூட் என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது டைப் அடித்திருப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு விற்பது, வீடு வாங்குவது, உயில் எழுதுவது, இவ்வளவுதான் அங்கே நடந்தது. கொலை, கொள்ளை என்று யாரும் எங்கள் படி ஏறியதில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதைத்தான் எக்ஸிகியூட் என்று எழுதுவோம். உயிலை நிறைவேற்றி வைப்பவர் எக்ஸிகியூட்டர். ஒரு மனிதனைச் சட்டப்படி கொல்வதற்கும் அதே சொல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வேறு யாருக்கோ உரிய பொருள் என்று நினைத்திருந்தேன்.

முதலாளியின் அறையில் தலையணைக் கனத்தில் ஓர் அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லின் விளக்கத்துக்கும் கடைசியில், பொடி எழுத்தில், அது எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வெளியே போனதும் நான் அதைப் புரட்டிக்கொண்டிருப்பேன். எக்ஸிகியூட் லத்தீனில் இருந்து வந்தது. கடைசிவரை பின்தொடர்ந்து போவது என்று அர்த்தம். அலுவலகத்தில் தினமும் புழங்கிய இன்னொரு சொல் மார்ட்கேஜ். பழைய பிரெஞ்சில் அதற்குச் செத்த அடமானம் என்று பொருள்.

இதையெல்லாம் கேட்பதற்கு எனக்கு ஒரே ஆள்தான் இருந்தான். என் தம்பி. என்னைவிட ஐந்து வயது இளையவன். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் வருவான். அப்பா எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டார். டத்தோ கிராமாட்டில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நாங்கள் இருவரும்தான். தம்பி வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "அக்கா, இன்னைக்கு என்ன சொல்லு?" என்பான். செத்த அடமானத்தைச் சொன்னபோது அவனுக்குப் புரையேறிவிட்டது. வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் பிணத்தைத் தூக்கிக்கொண்டுதான் வங்கிக்குப் போகிறார்களா என்று கேட்டுச் சிரித்தான். எங்கள் பேச்சு அம்மாவுக்குப் புரியாது. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழும், பசாரில் காய்கறி வாங்கப் பழகிய மலாயும்தான் தெரியும். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரிப்பாள்.

பிறைப் பக்கம் ஒரு சாலைத் தடுப்பில் அவனைப் பிடித்தார்கள். மோட்டாரின் முன்னால் ஒரு பை மாட்டியிருந்தது. தெரிந்த ஒருவன் கொடுத்து, இன்ன கடையில் சேர்த்துவிடு என்று சொன்ன பை. அதற்குள் கஞ்சா இருந்தது. தூக்குத் தண்டனையைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாத அளவுக்கு இருந்தது. பையைக் கொடுத்தவன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு தடவை தம்பியிடம் கேட்டேன். "ஏதோ இருக்குன்னு தெரியும்க்கா. என்னான்னு கேக்கலே" என்றான். அவன் சொன்னதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நீதிமன்றம் நம்பவில்லை.

என் முதலாளி நல்லவர். குற்ற வழக்கு நடத்தும் ஒருவரைத் தெரிந்து அவரே ஏற்பாடு செய்து கொடுத்தார். வழக்கு வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. விசாரணைக் கைதியாக இருந்தபோது தம்பியை வாரா வாரம் பார்க்கப் போவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு டெலிபோன். அங்கேயும் அவன் சொல் கேட்பதை விடவில்லை. இப்போது சொற்களை அவனே கொண்டு வந்தான். வழக்கறிஞர் பேசும்போது காதில் விழுந்தவை. கேப்பிட்டல் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டான். அவன் மேல் சாட்டியிருந்தது கேப்பிட்டல் குற்றம். நான் அகராதியைப் பார்த்துக்கொண்டு போய்ச் சொன்னேன். லத்தீனில் தலை என்று பொருள். தலை போகிற குற்றம்.

அவன் டெலிபோனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு, "அப்ப ஸ்கூல்லே எழுதுனமே, கேப்பிட்டல் லெட்டர், அது தலையெழுத்தாக்கா?" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நானும் சிரித்தேன். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

தீர்ப்பு நாளில் அம்மாவும் வந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி ஆங்கிலத்தில் வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் தம்பியின் காதருகே நின்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். எங்களுக்கு அது கேட்கவில்லை. ஆங்கிலம்தான் கேட்டது. செத்துப் போகும் வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்ற வரியை நீதிபதி மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் முகத்துக்கு வந்தாள்.

"என்னாம்மா சொன்னாரு?"

"அப்பீல் பண்ணலாம்னு சொன்னாரும்மா" என்றேன்.

பொய் இல்லை. அப்பீல் செய்யலாம்தான். அன்று மாலையே பக்கத்து வீட்டார் சொல்லி அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் என் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். யார் வந்து துக்கம் விசாரித்தாலும், "அப்பீல் இருக்குலா" என்பாள். தீர்ப்புக்கு ஆங்கிலத்தில் சென்டன்ஸ். பள்ளியில் வாக்கியம் அமைக்கச் சொல்லும்போதும் அதே சொல்தான். அதன் வேர் உணர்வது என்ற பொருளில் இருக்கிறது என்று மறுநாள் பார்த்தேன். தம்பியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு அவனைத் தீவுக்கு வெளியே வேறொரு சிறைக்கு மாற்றினார்கள். ஃபெரியில் அக்கரை போய், அங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம். அம்மாவும் நானும் மாதம் இரண்டு முறை போனோம். சில மாதங்களில் நாலு முறையும் போனோம். அம்மா அவனோடு பேசுவது முழுக்கச் சாப்பாட்டைப் பற்றித்தான். காலையில் என்ன கொடுத்தார்கள், மீன் கொடுத்தார்களா, முள் எடுத்தார்களா. அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வான். பிறகு டெலிபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, ரிப்ரீவ் என்றால் என்ன என்று கேட்பான். பக்கத்து அறைக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கிறானாம். தண்டனையை நிறுத்தி வைப்பது என்றேன். அதன் பழைய பொருளையும் நான் பார்த்திருந்தேன். ஆரம்பத்தில் அது ஒருவரைத் திரும்பச் சிறைக்கே கொண்டு போவதைக் குறித்த சொல். அதை நான் சொல்லவில்லை. "நல்ல சொல்லா?" என்றான். நல்ல சொல்தான் என்றேன்.

அவன் கேட்டும் நான் மறைத்த முதல் சொல் அது. மறைப்பது எவ்வளவு எளிது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. அம்மாவின் இடது காலில் அப்போது புண். சர்க்கரை வியாதிக்காரி, ஆணி குத்திய இடம் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. தலைநகர் வரை அவளால் வர முடியாது. நானும் போகவில்லை, அலுவலகத்தில் இருந்தேன். வழக்கறிஞர் டெலிபோனில் ஒரே வரியில் சொன்னார். அப்பீல் டிஸ்மிஸ்ட். இனி மிச்சமிருப்பது கருணை மனு மட்டும்தான், அதில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார்.

நான் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டிஸ்மிஸ்ட், அனுப்பிவிடப்பட்டது. தமிழில் தள்ளுபடி. கடையில் விலையைக் குறைத்தாலும் தள்ளுபடி. கதவைத் திறந்தபோது அம்மா காலை ஒரு முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் இருந்த காம்பை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தள்ளு" என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கன்னம் துடிக்க ஆரம்பித்தது. "தள்ளி வெச்சிருக்காங்கம்மா" என்று முடித்தேன்.

"எப்பத்திக்கு?"

"சொல்லலேம்மா. இன்னும் மனு எல்லாம் போடணும்."

அம்மா மூச்சை விட்டாள். அந்தக் காம்பிலிருந்து இலைகளை உருவிக் கிண்ணத்தில் போட்டாள். இன்னும் இரண்டு நாள் கழித்து, காலில் வீக்கம் குறைந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கருணை மனுவை நானே டைப் அடித்தேன். மெர்சி என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். லத்தீனில் கூலி, விலை. வேலைக்குக் கொடுக்கும் சம்பளம்தான் பிறகு இரக்கம் ஆகியிருக்கிறது. எந்த வேலைக்கு எந்தச் சம்பளம் என்று எனக்குப் புரியவில்லை. மனு போய்விட்டது, முடிவு வரவில்லை. முடிவு வராதவரை நான் சொன்னது பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பொய் இன்னொன்றைக் கேட்டது. அம்மா சிறைக்கு வந்தால் தம்பியே வாய் தவறிச் சொல்லிவிடுவான். ஆகவே, கால் ஆறும்வரை அவ்வளவு தூரம் வரக்கூடாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். இரண்டு மாதத்தில் கால் ஆறிவிட்டது. பிறகு, அவனை இங்கேயே பினாங்குக்கு மாற்றப்போகிறார்கள், அப்போது நடந்தே போய்ப் பார்க்கலாம் என்றேன். அம்மா அதையும் நம்பினாள். நான் மட்டும் போய் வந்தேன். அம்மா பொட்டலம் கட்டிக் கொடுக்கும் முறுக்கை உள்ளே விடமாட்டார்கள். திரும்பும் வழியில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாருக்காவது கொடுத்துவிட்டு, தம்பி சாப்பிட்டான் என்று சொல்வேன்.

தம்பி ஒவ்வொரு முறையும் கேட்டான். "அம்மா ஏன்க்கா வரலே?" கால் என்றேன். "அப்பீல் தோத்துப் போனது அம்மாவுக்குத் தெரியுமா?" சொல்கிறேன் என்றேன். நாலாவது மாதம் போனபோது அவன் சொற்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடைசி நிமிடத்தில், "டாக்சி வெச்சாவது கூட்டிட்டு வாக்கா" என்றான். சரி என்றேன். கூட்டிப் போகவில்லை. அம்மாவின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். காலையில் எழுந்து பாட்டுப் போட்டு, அவன் வந்தால் எந்தக் கட்டிலில் படுப்பான் என்று மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்த முகம் அது. அதைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், ஒரு போலீஸ்காரர், அம்மாவின் வாயில் மாத்தா, வீட்டுக்கு வந்திருக்கிறார். சிறையிலிருந்து வந்த கடிதத்தை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போக. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றதும் அவரே வாசித்துக் காட்டினார். கடிதம் மலாயில் இருந்தது.

நான் போனபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினேன். அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு நீ வேணாம். இது மலாய். மாத்தா படிச்சான், எனக்குப் புரிஞ்சுது. வெள்ளிக்கிழமை."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பீல் எப்ப முடிஞ்சுது?"

"ஏழு மாசம் ஆச்சும்மா."

அம்மா கடிதத்தை நாலாக மடித்தாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "ஏழு மாசத்துலே நான் எத்தனை தடவெ போயிருப்பேன்" என்றாள். என்னைக் கேட்பது போலச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை அவள் சோறு தொடவில்லை. பட்டினி கிடப்பதற்கு ஆங்கிலத்தில் ஸ்டார்வ். அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் சாவது என்பது மட்டுமே பொருள். பசி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை இருவரும் போனோம். கடைசிப் பார்வை என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கண்ணாடியை எடுக்கவில்லை. தம்பி சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். டெலிபோனை நானும் அம்மாவும் நடுவில் பிடித்துக்கொண்டோம். அவன் குரல் இருவருக்கும் கேட்டது.

"கால் ஆறிடுச்சாம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. கால் ஆறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் அத்தனை மாதமும் எதை நம்பிக்கொண்டிருந்தான் என்பது அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தான்யா ஆறுச்சு. போன வாரந்தான் செருப்பே போட முடிஞ்சுது. இல்லாட்டி நான் வராமெ இருப்பேனா?"

"தெரியும்மா. அக்கா சொல்லிச்சு" என்றான் தம்பி.

பிறகு அம்மா வழக்கம் போலச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். அவனும் சொன்னான். நாளைக்கு அவன் வேலைக்குப் போகப்போவது போல, சட்டை பட்டன் ஒன்று தொங்குகிறது என்று கண்ணாடி வழியாகச் சுட்டிக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்து, "ஆமாம்மா" என்றான். என்னிடம் அவன் பேசியது கொஞ்சம்தான். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றான். பிறகு, "நீ அழாதே, நீ அழுதா அம்மாவும் அழும்" என்றான். நேரம் ஆயிற்று என்று காவலர் வந்து நின்றார். அம்மா கண்ணாடியில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. அவனைக் கூட்டிப் போன பிறகும் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவனைக் கொடுத்தார்கள். வண்டியில் கொண்டு வந்து, மாலைக்குள் பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எரித்தோம். சொந்தம் என்று பத்துப் பேர் வந்தார்கள். முதலாளி வந்து ஒரு ஓரமாக நின்றார்.

பதினைந்து நாள் கழித்து அலுவலகம் போனேன். மேசையில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டை இருந்தது. பிரீவ்ட் என்று அச்சடித்திருந்தது, துக்கத்தில் இருப்பவர்களுக்கு என்று. பழக்கம் விடவில்லை, மதியம் போய் அதையும் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொள்ளையடிப்பது என்று பொருள். பிரீவ்ட் என்றால் கொள்ளை கொடுத்தவர். அப்படியென்றால் எங்கள் வீட்டில் அம்மாவைக் கொள்ளையடித்தவர்களில் நானும் ஒருத்தி. அகராதியை மூடி அலமாரியில் வைத்தேன். அந்தப் பக்கம் நான் பிறகு போகவில்லை.

அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சோறு போட்டாள், குடை எடுத்தாயா என்று கேட்டாள். ஆனால் எந்தக் காகிதத்தையும் என்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கிளினிக் அட்டை, மின்சாரப் பில், ஊர்ச் சங்கத்திலிருந்து வரும் அழைப்பு, எதுவாக இருந்தாலும் இரண்டு வீடு தள்ளி இருந்த சீனத்து அம்மாவிடம் எடுத்துப் போவாள். அந்த அம்மா படித்து மலாயில் சொல்லும். நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். அம்மா காகிதத்தை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போவாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவாகவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்குக் கால் இப்பத்தான் ஆறுச்சுன்னு சொன்னேன்லா. அது ஒனக்காகச் சொல்லலே. அவன் நிம்மதியாப் போவட்டும்னு சொன்னேன்."

"தெரியும்மா" என்றேன்.

அவ்வளவுதான். துணியை மடித்து முடித்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிறுநீரகம் கெட்டு அம்மா இறந்துபோனாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள், அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

தம்பியின் வழக்கை நடத்திய வழக்கறிஞர், அம்மா போன மறு வருடம் என்னை அழைத்தார். அவரிடம் வரும் குடும்பங்களில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், சனிக்கிழமை மட்டும் வரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தது செபராங் ஜெயாவிலிருந்து ஓர் அம்மாள். தொழிற்சாலைச் சீருடையோடு, ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். மகன் உள்ளே. கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து முந்தானை இல்லாத சீருடையில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு முறை படித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அப்பீல் தள்ளுபடி ஆயிடுச்சு" என்றேன். "இனிமே கோர்ட்டு இல்லே. மனு ஒண்ணு போடலாம், ஆனா நம்பிக்கை குறைவு."

அவர் விளிம்பை விட்டுவிட்டு மேசை மேல் முகத்தைச் சாய்த்தார். எழுப்ப நான் முயலவில்லை. பக்கத்தில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, சீருடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனை எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். நாளைக்கே பார்க்கலாம், காலை ஏழு மணிக்கு முதல் பேருந்து என்றேன். தனியாகப் போய்ப் பழக்கம் இல்லை என்றார்.

நானும் வருகிறேன் என்று சொல்லி, எங்கே நின்று ஏறுவது என்பதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.